கயிற்றுக்கு அந்தப் பக்கம்

தண்ணீருக்குள் என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

அந்த நேரத்தில் நான் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் குளக்கரையில் நின்றவர்களில் ஒருவர்கூட இதை நம்பவில்லை.

ஆழத்தைப் பிரிக்கும் கயிற்றைத் தாண்டிப் பாதித் தூரம் போயிருந்தேன். அடியில் நீலச் சதுரங்கள் மங்கிக்கொண்டே போயின. மகள் யாழினியின் பையில் தண்ணீர் பாட்டிலை வைத்தேனா, அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூழ்குகிறவள் பாட்டிலைப் பற்றியா யோசிப்பாள்?

பிடித்த கை என்னை மேலே இழுத்தது. இழுத்ததில்தான் மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமினேன். பயிற்சியாளர் மேடத்தின் விசில் நீளமாகக் கேட்டது. பரீட்சையில் நீந்தும்போது யாராவது யாரையாவது தொட்டால் இருவருக்கும் அத்தோடு முடிந்தது. அது அங்கே விதி.

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தேன். சரண்யா. என்னைவிட அவள்தான் வெளிறிப்போயிருந்தாள்.

கைப்பையோடு நின்றவள்

எனக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று பாளையங்கோட்டையிலிருந்து அம்மா போனில் பலமுறை கேட்டுவிட்டாள். "ஏளா, இந்த வயசுல என்னத்துக்குத் தண்ணியில போய் விழணும்? அந்த டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வேற" என்பாள். முழங்கால் வரை மூடிய உடைதான் என்று போட்டோ அனுப்பினேன். அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்று பதில் வந்தது.

காரணம் இதுதான். அதற்கு முந்தைய வருடம் குர்காவ்ன் பக்கம் ஒரு ஹோட்டலில் என் கணவரின் அலுவலக நண்பர் தன் குழந்தைக்குப் பிறந்தநாள் விழா வைத்திருந்தார். புல்வெளியை ஒட்டி ஒரு நீச்சல்குளம். யாழினிக்கு அப்போது மூன்று வயது. பலூன் ஒன்று உருண்டுபோனது. பின்னாலேயே போனவள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் அருகில்தான் இருந்தேன். தோளில் கைப்பை, கையில் கேக் தட்டு. கால் நகரவில்லை. முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி ஷூவோடு இறங்கி அவளைத் தூக்கிக் கொடுத்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பு வரைதான் இருந்தது.

குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டு பலூனைக் கேட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு தூக்கம் சரியாக வரவில்லை. பக்கெட்டில் தண்ணீர் இருந்தாலே கொட்டிவிடுவேன். டெல்லியில் நாங்கள் இருக்கும் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருவதே கொஞ்ச நேரம்தான். நான் மட்டும் பிடிப்பதும் கொட்டுவதுமாக இருந்தேன். ஒருநாள் என் கணவர் பொறுமையாக, "இப்படியே இருக்க முடியாது, மதி. ஒண்ணு அவ கத்துக்கணும், இல்ல நீ கத்துக்கணும்" என்றார்.

எங்களுக்குப் பக்கத்து நீச்சல்குளத்தில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்க ஒரு விதி உண்டு. தாயோ தந்தையோ குழந்தையோடு தண்ணீரில் நிற்க வேண்டும். நிற்பவர் ஆழமான பகுதியையும் கடந்து குளத்தின் முழு நீளத்தையும் நிற்காமல் நீந்தி 'டீப் பாஸ்' வாங்கியிருக்க வேண்டும். என் கணவருக்குக் காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தண்ணீர் ஆகாது. ஆக, நான்தான்.

எண்ணெய்

பெண்கள் வகுப்பு காலை ஆறு மணிக்கு. ஏப்ரலில் தொடங்கி, குளிர் எட்டிப் பார்க்கும்போது குளத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் பாஸ் வாங்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

முதல் நாளே எனக்கும் இன்னொருத்திக்கும் திட்டு விழுந்தது. குளோரின் முடியைக் கெடுத்துவிடும் என்று தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கியிருந்தோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே வானவில் மிதந்தது. பயிற்சியாளர் மேடம் ஹரியானாக்காரர். மதராஸி மேடம்கள் இரண்டு பேர் போதும், குளத்திலேயே பூரி பொரிக்கலாம் என்று இந்தியில் சொல்ல, வகுப்பே சிரித்தது.

இருவரும் ஷவரில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஷாம்பூ போட்டோம். நுரை கண்ணில் இறங்க, அந்தப் பக்கமிருந்து தமிழில் ஒரு முனகல். "காலங்காத்தால எண்ணெ தேச்சுக் குளிக்க வெச்சுப்போட்டாங்க பாரு."

அவள்தான் சரண்யா. திருப்பூர்ப் பக்கம். கணவர் விமானப்படையில். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை முனிர்காவில் வாடகைக்கு இருந்தார்கள். இரட்டைப் பையன்கள்.

மூன்றாவது ஆள் நந்தினி, எங்களைவிட இளையவள், சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுடைய தமிழில் பாதி இந்தி. பசி வந்தால், "அக்கா, எனக்கு பூக் லகுது, ஜல்தி கிளம்புங்க" என்பாள். தண்ணீரில் மீன். முதல் மாதமே பாஸ் வாங்கிவிட்டு, எங்களோடு பேசுவதற்காகவே ஆழமில்லாத பக்கம் வந்து நிற்பாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு 'மூணு மீன்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஒரு மீனும் இரண்டு கருங்கல்லும் என்று நான் திருத்தினேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். இருந்தாலும் கரையிலுள்ள பெரிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாழினி எழுந்திருப்பாளா, அவள் அப்பா பாலை ஆறவைத்திருப்பாரா, கேஸ் மூடியிருக்கிறதா. சரண்யா என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். "கடிகாரம் ஒண்ணும் முங்கிப் போயிராது. காலை அடி புள்ள."

கித்னாங்க?

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை சரோஜினி நகர் சந்தையில் யாழினிக்கு ஃபிராக் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண். நீளமான பின்னல், பெரிய பொட்டு, மாம்பழக் கலரில் சேலை. நான் எடுத்த ஃபிராக்கின் மறுமுனையை அவள் பிடித்திருந்தாள். நானும் விடவில்லை. ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம்.

அவள் கடைக்காரரிடம் விலை கேட்டாள். "பையா, கித்னாங்க?"

இந்திக்கும் ஒரு 'ங்க' போடுகிற பெண் டெல்லியில் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். "சரண்யாவா?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மதி? உனக்கு முடியெல்லாம் இருக்குதா?" என்றாள்.

தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை. தண்ணீரில் இருந்த அவளுடைய கால்களும், முதுகிலுள்ள மச்சமும், பயப்படும்போது உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். நெற்றி தெரியாது. இரண்டு பையன்களின் தாய்க்கு ஃபிராக் எதற்கு என்று கேட்டேன். "சும்மா பாத்தேன், ஆசைக்கு" என்றாள். வாங்கி யாழினிக்கே கொடுத்துவிட்டாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தோம்.

ஆகஸ்டில் அவள் கணவருக்கு கார் நிக்கோபாருக்கு மாற்றல் வந்தது. அக்டோபரில் கிளம்ப வேண்டும். மொபைலில் வரைபடத்தை விரித்து எங்களுக்குக் காட்டினாள். நீலத்துக்கு நடுவில் ஒரு பொட்டு. "நாலு பக்கமும் கடலு. பசங்க ரெண்டும் வாலு. எனக்கு நீந்தத் தெரியாம அங்க போகவே மாட்டேன்" என்றாள். அதிலிருந்து அவளுக்கும் கடிகாரம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஜோடி

பாஸுக்கான பரீட்சையில் இரண்டு இரண்டு பேராக விடுவார்கள். ஜோடி என்றுதான் மேடமும் சொல்வார். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும், ஆனால் தொடக் கூடாது. நிஜமாகவே ஆபத்து என்றால் கையைத் தூக்கினால் போதும், கரையில் நிற்கும் காப்பாளர் குதித்துவிடுவார்.

நானும் சரண்யாவும் ஜோடி. அதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

என் நீச்சலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் தலையைத் தேவைக்கு அதிகமாகத் தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து மூச்சு வாங்குவேன். இடது கை தண்ணீரை வெட்டாமல் அறையும். இவள் நீந்துகிறாளா, விடைபெறுகிறாளா என்று மேடமே கேட்டிருக்கிறார். ஆனால் நான் முன்னால் போவேன். அசிங்கமாக இருந்தாலும் போய்ச் சேருவேன். ஆழமில்லாத பக்கத்தில் பலமுறை சேர்ந்திருக்கிறேன்.

பரீட்சையன்று சரண்யா எனக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம்தான், சுவரைத் தொட்டிருப்பாள். அதற்குள் திரும்பிப் பார்த்தாள். அப்போது என் முகம் எப்படி இருந்ததோ, திரும்பி வந்து பிடித்துவிட்டாள்.

உடை மாற்றும் அறையில் நான் அவளைப் பார்க்காமல் துண்டைப் பிழிந்தேன்.

"நல்லாத்தான் போயிட்டிருந்தேன். உன்ன யாரு புடிக்கச் சொன்னா?" என்றேன்.

"நீ முங்குறதும் நீந்துறதும் ஒரே மாதிரிதான இருக்குது. எனக்கு எப்படித் தெரியும்?"

"கைய தூக்கினேனா? இல்லல்லா? உன் பயத்துக்கு என் பாஸ் போச்சு."

"என்னுதும்தான் போச்சு" என்றாள் அவள். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். நந்தினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சோடோ நா அக்கா, விடுங்களேன்" என்றாள். யாரும் விடவில்லை. சரண்யா ஈர முடியோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல் தீரவில்லை. பாஸ் போனதற்காக இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. இவளால் முடியாது என்று என்னைப் பற்றி நான் ஓயாமல் நினைப்பேன். அது எனக்குப் பழகிப்போன விஷயம். அதையே இன்னொருத்தி, அதுவும் அவள், முகத்தில் காட்டிவிட்டாளே என்றுதான் எரிந்தது.

பக்கெட்டுக்குள் தலை

மூணு மீன் குழுவில் சில நாட்கள் நந்தினி அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் மட்டும் வந்தது. நான் எழுதுவேன், அழிப்பேன். 'சாப்பிட்டியா' என்று எழுதினால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். 'ஸாரி' என்று எழுதினால், எதற்கு ஸாரி, நான் என்ன செய்தேன் என்று எனக்கே தோன்றும். அவள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்படியே கிளம்பிப் போய்விட்டால்? பதில் எழுத யோசிக்கிற நேரத்தில் பருப்பு அடிப்பிடிக்கும். குளம் மூட இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. போவதா வேண்டாமா என்று என் கணவரிடம் மூன்று விதமாகக் கேட்டு, மூன்று விதமான பதில் வாங்கி, எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு மாலை குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாழினி. பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுவதையும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். முதுகு அசையவில்லை.

நான் கூப்பிடவில்லை. யோசிக்கவில்லை. பாய்ந்துபோய் முடியைப் பிடித்துத் தூக்கினேன். அவள் வாய் நிறையத் தண்ணீரோடு அலறினாள்.

"மம்மா, மே தோ கேல் ரஹீ தீ" என்று அழுதாள். விளையாடிக்கொண்டுதானே இருந்தேன் என்கிறாள். அழுகை வந்தால் அவளுக்கு இந்திதான் வரும். பயிற்சிக்காக நான் பக்கெட்டில் முகத்தை முக்குவதைப் பார்த்து அவளும் மூச்சை அடக்கிப் பழகியிருக்கிறாள். அதை ஆசையாக எனக்குக் காட்டத்தான் கதவைத் திறந்தே வைத்திருந்தாளாம்.

என் கையில் அவளுடைய முடி இரண்டு மூன்று இழை ஒட்டியிருந்தது. அவளைத் துடைத்து, சமாதானப்படுத்தி, பிஸ்கட் கொடுத்து டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, அந்த ஈரக் கையோடேயே சரண்யாவுக்குப் போன் செய்தேன்.

ஸாரி சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தப் பக்கம் பையன்கள் அட்டைப்பெட்டி எதையோ இழுக்கும் ஓசை.

"புள்ளைக்கு வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"வலிச்சிருக்கும். அவ என்னைப் பாக்கவே மாட்டேங்குதா."

"பாத்துருவா. கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள். பிறகு, "கடைசி நாளைக்கு வர்றியல்லோ?" என்றாள்.

சுவரைப் பார்த்து

கடைசி நாள் தண்ணீர் கத்தியாகக் குளிர்ந்தது. வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். மேடம் எங்களைப் பார்த்ததும் விரலை ஆட்டி, நீங்கள் இரண்டு பேரும் ஜோடி கிடையாது என்று சொல்லிவிட்டார். நந்தினியைத் துணைக்குப் போகச் சொன்னார். முதலில் சரண்யாவோடு, பிறகு என்னோடு.

சரண்யா போனாள். நான் கரையில் நின்று கால்விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் அவள் கொஞ்சம் தடுமாறினாள். என் வாய் திறந்துவிட்டது. கைகளை அக்குளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் சுவரைத் தொட்டாள். மேடம் தலையை ஆட்டினார். ஏறி வந்தவள் பல் கிடுகிடுக்க, "தீவுக்குப் போறேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அடுத்து நான்.

மேடம் சரண்யாவைப் பார்த்து, நீ உள்ளே போ, இங்கே நின்றால் மறுபடி குதிப்பாய் என்றார். உடை மாற்றும் அறைக்குப் போக அவள் மாட்டேன் என்றாள். இங்கே இருந்து பார்க்கவும் முடியாது என்றாள். இரண்டும் முடியாதென்றால் என்னதான் செய்வாய் என்று மேடம் கேட்டார். சரண்யா மஞ்சள் துண்டைத் தோளில் சுற்றிக்கொண்டு போய், கரையோர பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். குளத்துக்கு முதுகு காட்டி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"திரும்ப மாட்டேன். நீயா கூப்புடற வரைக்கும் திரும்ப மாட்டேன். போ" என்றாள் சுவரிடம்.

இறங்கினேன். கயிறு வரைக்கும் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அதற்கு அந்தப் பக்கம், மூச்சுக்காக வலப்புறம் தலையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் முதுகு தெரிந்தது. என் இடது கை வழக்கம்போல் தண்ணீரை அறைந்தது. சத்தம் அவளுக்குக் கேட்கும். கேட்டு என்ன நினைப்பாளோ. தலை உள்ளே. மறுபடி வெளியே. முதுகு குனிந்திருந்தது. வாயில் தண்ணீர் போயிற்று, இருமினேன். இந்த இருமலுக்கு நிச்சயம் திரும்புவாள் என்று நினைத்தேன். தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. திரும்பவில்லை. நான் கையைத் தூக்கவில்லை. இன்னொரு பக்கம் நந்தினி, என்னைத் தொடாமல், ஒரு கை தூரத்தில்.

சுவர் நான் நினைத்ததற்கு முன்னாலேயே வந்து விரலில் மோதியது.

கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். மேடம் விசில் ஊதாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார். நான் சரண்யாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுதான் உள்ளே போனது, சத்தம் வெளியே வரவில்லை. நந்தினி கத்தப் போனாள். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். நான்தான் கூப்பிட வேண்டும்.

தண்ணீரை அறையும் சத்தம் இப்போது நின்றுபோயிருக்கும். பெஞ்சில் இருப்பவளுக்கு அதற்கு இரண்டே அர்த்தம்தான். ஒரு கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. அப்போதும் திரும்பவில்லை.

"ஏட்டி" என்றேன். பாதிதான் வந்தது. இன்னொரு மூச்சு வாங்கினேன். "ஏட்டி சரண்யா, திரும்பு."

திரும்பினாள். முகமெல்லாம் நனைந்து, வாய் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் இப்போது ஆழத்தைக் கடந்து வந்தது அவள்தான் என்று சொல்லியிருப்பார்கள்.